மூன்று மணி ஆராதனைக்கு ஒரு வெள்ளைத் துணி

சனிக்கிழமை காலை 5.40. திருச்செங்கோட்டில் சேலம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் பருத்தித் துணி, நான்கு முழம் இருக்கும். சத்தீஸ்கரில் ஜஷ்பூருக்குப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் நெய்தது. எங்கள் ஊர் போர்வெல் வண்டி ஒன்று அதை அங்கிருந்து கொண்டுவந்து சேர்த்திருந்தது. இனி அதை நெய்வேலிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே ஒரு பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தையை இந்தத் துணியில் சுற்றித்தான் தூக்க வேண்டுமாம்.

நாங்கள் செங்கோட்டு வேலவரைக் கும்பிடுகிற குடும்பம். நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட சித்தப்பா ஒருவர் பஸ் நிலையத்திலேயே முகத்தைச் சுளித்தார்.

"ஏங் கண்ணு, மதம் மாறிட்டயா?"

"இல்லீங்க சித்தப்பா, சேலத்துல பஸ்தான் மாறப் போறேன்."

அவருக்குச் சொன்னது அவ்வளவுதான். உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் செல்வராசு போர் வண்டியில் டிரில்லர். எங்கள் ஊர் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் ஜஷ்பூர் பக்கத்தில் இறக்கி வைத்த இரும்புக் குழாய்கள் உருண்டு அவருடைய வலது காலை நசுக்கிவிட்டன. நாற்பது நாள் அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. நான் போய்ச் சேரவே பதினாறு நாள் ஆயிற்று. அந்தப் பதினாறு நாளும் சாயங்காலம் தவறாமல் அவரிடம் வந்தவர் பௌலுஸ் என்கிற பாஸ்டர். உராவ் பழங்குடிக்காரர். அவருடைய பேச்சு சாத்ரி மொழி, எங்களுடையது தமிழ். ஜெபப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே, இவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "நீங்க யாரைக் கும்பிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். முருகன் என்றதும், "நீங்க அவருகிட்ட சொல்லுங்க, நான் எங்கவர்கிட்ட சொல்றேன். ரெண்டு பக்கமும் சொல்லி வைப்போம்" என்றாராம்.

காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பௌலுஸ் பாஸ்டர், இந்தி தெரிந்த வண்டிப் பையன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, எனக்குப் போன் போட்டார். தமிழில் நான் மூன்று வாக்கியம் சொல்ல, அதை அவர் இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டார். சாப்பிடுங்க. தைரியமா இருங்க. வூட்டுக்குப் போலாம். தினமும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சீட்டைப் பார்த்துப் படித்திருக்கிறார். பதினாறாம் நாள் நான் உள்ளே நுழைந்தபோது, முன்பின் பார்த்திராத ஒரு கறுத்த மனிதர் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே "தைரியமா இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த நன்றிக்குக் கணக்கு கிடையாது.

கால் தப்பியது. உள்ளே கம்பி இருக்கிறது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார அவரால் முடியாது. அதனால்தான் நான் புறப்பட்டேன்.

காலை 7.25. சேலத்தில் விருத்தாசலம் பஸ். நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் நூற்றுப் பதினைந்து ரூபாய். ஆத்தூரில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். டீயும் தேங்காய் பன்னும் முப்பது ரூபாய். பன் நேற்றையது என்று சொன்னேன், கடைக்காரர் ஒத்துக்கொண்டார், ஆனால் காசைக் குறைக்கவில்லை. சின்னசேலம் தாண்டியதும் மலைகள் பின்வாங்கிவிட்டன. அதற்கப்புறம் மக்காச்சோளம், கரும்பு, வெயில்.

11.20-க்கு விருத்தாசலம். அங்கிருந்து நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பம் பதினெட்டு கிலோமீட்டர் என்றார் கண்டக்டர். டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்தில் ஒரு பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஊர் வளையமாதேவி.

"மைன்ஸுல யாராச்சும் வேல செய்றாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க. ஒரு குழந்தைக்கு விசேஷம். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்து ஆளுங்க, இங்க கான்ட்ராக்ட் வேலையில இருக்கறாங்க."

அவர் பலாப்பழத்தை மடிக்கு ஏற்றிக்கொண்டார். "எங்க நெலம் மைன்ஸுக்குப் போயிட்ச்சி. எந்தம்பியும் கான்ட்ராக்டுதான். வருசக்கணக்கா போயிகினு கீறான், பர்மனென்ட் ஆவல. வர்றவங்களக் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா வயிறு எரியாம இருக்குமா, நீங்களே சொல்லுங்க."

அவர் இறங்கும்போது பலாப்பழத்தைப் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் இதே பேச்சை வேறொருவர் வாயிலும் கேட்க வேண்டியிருந்தது.

மதியம் 12.10. மந்தாரக்குப்பம் நிறுத்தத்தில் ரூபி அக்கா காத்திருந்தார். இங்குள்ள சிறிய சபை ஒன்றின் பாஸ்டர் எபிநேசரின் மனைவி. போனில் நூறு தடவை பேசியிருக்கிறோம், நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்தப் பழக்கம் வந்த விதத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஜஷ்பூர் சபைப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் நெய்வேலிக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள்; அவர்களுக்குச் சொந்த பாஷையில் நல்ல வார்த்தை சொல்ல ஆள் இல்லை என்று பௌலுஸ் பாஸ்டர் வருத்தப்பட்டார். என் வீட்டுக்காரர் விசாரித்து விசாரித்து எபிநேசர் பாஸ்டரைக் கண்டுபிடித்தார். அவருக்கோ சாத்ரி ஒரு சொல் தெரியாது. "தெரியாதுன்னா கத்துக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஏழு மணிக்கு மூவரும் போனில் கூடுவார்கள். எபிநேசர் பாஸ்டர் பிரசங்கத்தைத் தமிழில் சொல்லுவார். எங்கள் வீட்டுக்காரர், முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, தனக்குத் தெரிந்த வடக்கத்திப் பேச்சில் அதைச் சொல்லுவார். பௌலுஸ் பாஸ்டர் அதைச் சுத்தமான சாத்ரியில் திருத்துவார். எபிநேசர் பாஸ்டர் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். ஞாயிறு மூன்று மணி ஆராதனையில் அதைப் படிப்பார்.

இதில் வராத குளறுபடி இல்லை. ஒரு தடவை ஜீவத்தண்ணீரைப் பற்றிய பிரசங்கம். எங்கள் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் வேறென்ன தெரியும்? கேசிங் குழாய் எத்தனை அடி இறக்குவது, பாறை எங்கே வரும், நானூறு அடியில் ஊற்று எப்படிப் பீறிடும் என்று பாதி போர்வெல்லைப் பிரசங்கத்துக்குள் இறக்கிவிட்டார். பௌலுஸ் பாஸ்டர், நெய்வேலியில் அப்படித்தான் உவமை சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று மொழியை மட்டும் திருத்தி விட்டுவிட்டார். எபிநேசர் பாஸ்டரும் எழுதியதை அப்படியே படித்தார். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தோண்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? கைதட்டிவிட்டார்கள். அந்த வருடத்தில் பாஸ்டர் செய்த நல்ல பிரசங்கம் அதுதான் என்று ரூபி அக்கா இன்னும் சொல்கிறார்.

அன்றைக்கு ரூபி அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. பையை வாங்கிக்கொண்டு நடந்தபடியே விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்குக் காலம்பற ஆராதன முடிஞ்சதும் சபைக் கமிட்டி கூட்டம். மூணு மணி ஆராதனைய நிறுத்தணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நிறுத்திட்டா கோயில் கதவு தொறக்காது. புள்ளைக்கு ஞானஸ்நானம் எங்க வச்சுக் குடுக்கறதுன்னு தெரியல."

"அடுத்த வாரம் வெச்சுக்கலாமுங்களா?"

"புள்ளையோட அப்பாவுக்கு இங்க கான்ட்ராக்ட் முடிஞ்சிட்ச்சி. புதன்கிழமை அடுத்த வேலைக்கு ஒரிசாவுக்கு ரயிலு."

மதியம் 2.30. முதல் ஷிப்ட் விட்டுச் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் ஊருக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. எபிநேசர் பாஸ்டர் கடைத்தெரு முனையில் நின்றார். நாற்பத்தைந்து வயது, ஒல்லி. தினமும் இந்த நேரத்தில் இங்கே நிற்பாராம். தலைக்கவசத்தோடு வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு ஊரிலிருந்து கெட்ட சேதி, யார் குடித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை என்று எல்லாம் அந்த முனையிலேயே தெரிந்துவிடும். அவர் சாத்ரியில் ஏதோ கேட்டார். ஒருவன் திருத்திச் சொன்னான். இவர் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு போதகர் நடுத்தெருவில் நின்று பாடம் ஒப்பிப்பதை நான் பார்த்ததில்லை.

குழந்தையின் பெற்றோர் அனூப்பும் சுசானாவும் வாடகைக்கு இருந்த வீடு ஒரே அறை. அனூப்புக்கு இருபத்தாறு வயது, வெல்டர். சுசானா துணியை விரித்துப் பார்த்தாள். கரையை விரலால் தடவினாள். அவளுடைய ஊரில் தாயும் குழந்தையும் இந்தத் துணியில்தான் கோயிலுக்குள் போவார்கள் என்று பாஸ்டர் எனக்கு விளக்கினார். அவள் என்னிடம் தமிழில் சொன்னது ஒரே வார்த்தை. "அக்கா." அதற்கு மேல் எனக்கும் தேவைப்படவில்லை.

சாயங்காலம் ரூபி அக்கா டவுன்ஷிப்பைச் சுற்றிக் காட்டினார். ஆட்டோக்காரர் "எந்த பிளாக்கு?" என்றார். "சும்மா ஒரு சுத்து" என்றதும் இருநூறு கேட்டு நூற்று ஐம்பதுக்கு இறங்கினார். அளந்து போட்ட அகலச் சாலைகள், ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் ஒரு மாமரம், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மந்தாரக்குப்பத்தின் நெரிசலிலிருந்து ஒரு வளைவுக்குள் நுழைந்ததும் வேறு ஊராகிவிடுகிறது. இங்கே பூர்வீகம் கேட்டால் திருநெல்வேலி, தஞ்சாவூர், தர்மபுரி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லோரும் வந்து சேர்ந்தவர்கள். முதலில் வந்தவர், பின்னால் வந்தவர் என்பதுதான் வித்தியாசம். இதை ஆட்டோவில் வாய்விட்டுச் சொன்னேன். ரூபி அக்கா, "இத நாளைக்கு மோசஸ் ஐயாகிட்ட சொல்லிப் பாருங்க" என்றார்.

மோசஸ் ஐயா யார் என்றால், கமிட்டியின் செயலாளர். மைன்ஸில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோயில் நிற்கும் மனை அவருடைய அப்பா கொடுத்தது. வீடும் கோயிலுக்கு எதிரிலேயே. சாவியும் அவரிடம். மூன்று மணி ஆராதனையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தவர்களில் முதல் கையெழுத்து அவருடையது.

"கூட்டத்துல நான் பேசறனுங்க" என்றேன்.

"மெம்பர் இல்லாதவங்க பேச முடியாது. ஆனா ஆராதனையில சாட்சி நேரம் உண்டு. கடவுள் செஞ்ச நன்மைய யார் வேணா எழுந்து சொல்லலாம். சாட்சிய யாரும் நடுவுல நிறுத்த மாட்டாங்க."

"நான் முருகன் கோயில்காரியாச்சே?"

"வாய் இருக்கு இல்ல" என்றார் ரூபி அக்கா.

ஞாயிறு காலை 9.00. தகரக் கூரை போட்ட ஹால். நூறு பேர் இருப்பார்கள். பாயில் பெண்கள் வலப்பக்கம், ஆண்கள் இடப்பக்கம். பாட்டு முடிந்து "சாட்சி சொல்ல விரும்புறவங்க" என்று பாஸ்டர் சொல்லி வாய் மூடுவதற்குள் எழுந்துவிட்டேன்.

"ஸ்தோத்திரம்னு சொல்லி ஆரம்பிக்கோணுமாம், சொல்லிக்கறனுங்க. நான் திருச்செங்கோடு. உங்க சாமியக் கும்பிடறவ இல்ல. உங்க பாஸ்டர் மாதிரி ஒருத்தரு, மொழி தெரியாத எடத்துல, எங்கூட்டுக்காரருக்குப் பதினாறு நாள் கஞ்சி ஊத்துனாரு. அவருக்கும் அங்க ஒரு சபை இருக்குதுங்க, அங்கயும் கமிட்டி இருந்திருக்கும். எவனோ தமிழன், வேற சாமி, உனக்கென்ன வேலைன்னு நாலு பேரு கேட்டுத்தான் இருப்பாங்க. அவரு வர்றத நிறுத்தியிருந்தா நான் இன்னிக்கு இப்பிடி நெத்தியில பொட்டு வெச்சுக்கிட்டு நிக்க மாட்டனுங்க. அவரு சபைப் பொண்ணோட குழந்தைக்குத்தான் இன்னிக்கு மத்தியானம் விசேஷம். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வேற வழி தெரியல. உங்ககிட்ட கேக்கறனுங்க. கதவத் தொறந்து வையுங்க."

யாரோ ஒருவர் மட்டும் "ஆமென்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். முன் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு இருந்த மோசஸ் ஐயா திரும்பிப் பார்க்கவே இல்லை.

கூட்டம் பதினொன்றரைக்கு ஆரம்பித்து ஒன்றேகாலுக்கு முடிந்தது. நான்கு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் ஒரு பக்கம். மூன்று மணி ஆராதனை அடுத்த கூட்டம் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது, ஹால் பூட்டியிருக்கும். நான் பேசியதால் ஒரு ஓட்டுகூட நகரவில்லை.

மோசஸ் ஐயா கதவைப் பூட்டிவிட்டு நேரே என்னிடம் வந்தார். கோபம் இல்லை, களைப்புதான் தெரிந்தது.

"நல்லா பேசனீங்கம்மா. நாங்க இன்னா, அவங்கள அடிச்சித் தொரத்திகினா இருக்கோம்? எம்மவன் டிப்ளமா படிச்சிட்டு மூணு வருசமா வூட்ல குந்திகினு கீறான். வேலைக்கு வெளியூர்லருந்து ஆளு வருது. சரி, அது அவங்க தப்பில்ல. ஆனா கோயிலயும் குடுத்துட்டு நாங்க எங்க போறது? மேளத்த வச்சிகினு வரிசையா கை கோத்து ஆடறாங்க. எங்கப்பா குடுத்த எடம் இது."

"அது அவிய கும்பிடற முறைங்க ஐயா."

"இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். உங்க ஊர்ல தறிப்பட்டறைங்கள்ல வடக்கத்தி ஆளுங்க இருக்காங்க இல்ல? அவங்க சாமிய உங்க கோயில் மண்டபத்துல வச்சி மேளம் தட்ட வுடுவீங்களா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க."

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

"வுட மாட்டமுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஜெயித்த மாதிரியும் இல்லை. "அதான்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பாஸ்டர் வீட்டில் மதியச் சாப்பாடு. கோழிக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது, இறங்கவில்லை. எபிநேசர் பாஸ்டர் மட்டும் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

"அவங்களுக்கு என்னங்க சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்கு ஆராதனைன்னு ஏற்கனவே சொல்லியாச்சே."

"கதவு பூட்டியிருக்குதுங்களே."

"கமிட்டி ஹாலத்தான் பூட்டிச்சு. தெருவப் பூட்டலயே. கமிட்டிய மீறி நான் கதவத் தொறக்க மாட்டேன். புள்ளைய சும்மா அனுப்பவும் மாட்டேன். வெயில் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், மோர் கரைச்சு எடுத்துக்க ரூபி."

இப்படி ஒரு பிடிவாதத்தை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஜஷ்பூரில் இருக்கிறார்.

மதியம் 3.00. கோயில் வாசலில் ஒரு வேப்பமரம், அதன் நிழல் பதினைந்து பேருக்குத்தான் காணும். வந்தவர்கள் நாற்பது பேர். பாதிப்பேர் முதல் ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள், குளித்த தலை காயவில்லை. பூட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத கூட்டம். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு வலித்தது. பாஸ்டர் ஒரு ஸ்டூலின்மேல் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். மாந்தர் என்கிற நீண்ட மத்தளத்தைத் தோளில் மாட்டியிருந்தவன் தட்ட ஆரம்பித்தான். பெண்கள் கை கோத்து, ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் வைத்துப் பாடினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டு வாசலில் மோசஸ் ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முன்னால் சுசானா வெள்ளைத் துணியில் குழந்தையோடு நின்றாள். மரத்தின் நிழல் நகர்ந்து அவளைவிட்டு விலகிவிட்டது. குழந்தை வீறிட்டது. இரண்டாம் பாட்டு முடிந்தும் அடங்கவில்லை. நான் என் முந்தானையை விரித்து மறைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் பின்னால் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது.

மோசஸ் ஐயா யாரையும் பார்க்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பூட்டைத் திறந்தார்.

"பச்சப்புள்ளைய வெயில்ல வச்சிகினு நிக்கறீங்க, அறிவில்ல?" என்று பாஸ்டரைத் திட்டினார். "புள்ளைக்காகத் தொறக்கறேன். மேளத்துக்காக இல்ல. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

மத்தளக்காரன் தமிழ் புரியாமலே புரிந்துகொண்டான். மாந்தரைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். மோசஸ் ஐயா கதவுக்குப் பக்கத்தில், போய்விடுகிற மாதிரி, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றார்.

பாஸ்டர் தமிழ் எழுத்தில் எழுதிய சாத்ரியைப் படித்தார். பெற்றோரிடம் கேள்வி கேட்டார். அனூப்பும் சுசானாவும் பதில் சொன்னார்கள். தண்ணீர் தெளித்துப் பேர் வைத்தார். எங்கள் பக்கத்துப் பேர் வைக்கும் சடங்கு மாதிரி இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி, தமிழுக்கு மாறினார்.

"சபையாரே, இந்தக் குழந்தை விசுவாசத்தில் வளர நீங்கள் துணை நிற்பீர்களா?"

ஞானஸ்நானம் என்றால் சபை இதற்குப் பதில் சொல்ல வேண்டுமாம். எழுதி வைத்த முறை அது. வந்திருந்த நாற்பது பேருக்குத் தமிழ்ப் பதில் தெரியாது. நான் சபை இல்லை. அந்தப் பதிலைச் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவர் ரூபி அக்கா. அவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றார். வேண்டுமென்றேதான் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். பாஸ்டரும் காத்திருந்தார். அவர் முகத்தில் கெஞ்சல் இல்லை. நாள் முழுக்க நிற்கத் தயாராக இருக்கிறவரைப் போல நின்றார்.

மோசஸ் ஐயா வெளியே இருந்த காலை உள்ளே எடுத்து வைத்தார்.

"தேவ ஒத்தாசையினால் துணை நிற்போம்" என்றார். சின்ன வயதிலிருந்து எத்தனை குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பாரோ, சொல் தானாக வந்தது. சொன்னபிறகு அவரே கொஞ்சம் திகைத்துப் போனதாகத்தான் எனக்குத் தோன்றியது.

பாஸ்டர் குழந்தையை அவர் கையில் கொடுத்தார். கிரேன் ஓட்டின கை, நிதானமாக வாங்கியது. அவர் துணியின் கரையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், தாயிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்து மத்தளக்காரனிடம் சொன்னார்: "அத ஏன்டா வெயில்ல வச்சிருக்க? தோலு வெடிச்சிடும். உள்ள எடுத்தா."

அடி என்று சொல்லவில்லை. அடிக்காதே என்றும் சொல்லவில்லை. அவன் எடுத்து வந்து மெதுவாகத்தான் தட்டினான். மோசஸ் ஐயா கடைசி வரை நின்று, எல்லோரும் போனபின் கூட்டிவிட்டுப் பூட்டினார்.

மாலை 5.15. விருத்தாசலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பாஸ்டரிடம் கேட்டேன், அடுத்த ஞாயிறு என்ன ஆகும் என்று. "தெரியாதும்மா. மூணு மணிக்கு வந்து நிப்பேன்" என்றார். நான் அவருக்குக் கும்பிடு போட்டேன். அவர் பதறி, "எனக்கு எதுக்குங்க" என்றார். "உங்களுக்குப் பாதி, ஜஷ்பூருக்குப் பாதி" என்றேன். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு போதகர்கள். ஒருவர் என் மொழியில் மூன்று வாக்கியம் கற்றுக்கொண்டு என் குடும்பத்தைக் காப்பாற்றினார். இன்னொருவர் இரண்டு வருடமாகத் தெருமுனையில் நின்று மொழி படித்துக்கொண்டிருக்கிறார். தன் ஆட்களுக்கு நல்லது செய்ய யாராலும் முடியும். இவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையோடு கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

வெட்கத்துக்குக் காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை மாலை, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் தறிப்பட்டறைக்குப் போனேன். ஆறு வருடமாக அங்கே ஒடிசாப் பையன்கள் வேலை செய்கிறார்கள். தறிச் சத்தத்தைத் தவிர அவர்களிடமிருந்து நான் எதையும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் கைத்தடியோடு கூட வந்து பேச்சுக் கொடுத்தார். இந்த மாதம் அவர்கள் சாமி ஜெகந்நாதருக்குத் தேராம். ஊருக்குப் போக லீவு கிடைக்காது. ஒரு முழ உயரத்துக்கு அட்டையில் தேர் செய்து, பட்டறைக்குள் இரண்டு தறிகளுக்கு நடுவே இழுத்துக்கொள்வார்களாம். வெளியே இழுத்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயம். வைகாசி விசாகத்துக்கு நாலு வீதியும் அதிரத் தேர் இழுக்கிற ஊர் இது. அவர்களுடைய மேஸ்திரி எங்களுக்கு அட்டைச் சக்கரத்தை எடுத்துக் காட்டினார்.

தெருக் கோயில் மண்டபத்துக்குக் கமிட்டி இருக்கிறது. வரும் அமாவாசை அன்று கூட்டம். மண்டபத்திலிருந்து தெருமுனை வரை அந்தத் தேரை இழுக்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது வீட்டுக்காரருடையது.

"வுட மாட்டாங்க" என்கிறார் சித்தப்பா. அவர்தான் கமிட்டித் தலைவர்.

வுட மாட்டாங்கதான். மோசஸ் ஐயாவும் முதலில் அப்படித்தான் சொன்னார்.